படம் பிடிக்க அனுமதி இல்லை: ஷிர்யாயெவ் செய்த காரியம்

பொம்மைகளை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் படம் எடுக்கும் ஸ்டாப் மோஷன் கலையின் வரலாற்றைத் தேடிப் போனால், ரஷ்யப் பக்கத்தில் முதலில் வந்து நிற்கும் பெயர் லாடிஸ்லாவ் ஸ்டாரெவிச். லிதுவேனியாவின் கௌனாஸ் நகரத்துக்காரர். பூச்சிகள் மேல் அவருக்குப் பைத்தியம். 1910 வாக்கில் இரண்டு ஆண் வண்டுகள் சண்டை போடுவதைப் படமெடுக்க நினைத்தார். இருட்டில் நடமாடும் வண்டுகள், விளக்கைப் போட்டதும் அசையாமல் படுத்துவிட்டன. இறந்த வண்டுகளின் கால்களை மெழுகும் கம்பியும் வைத்து ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி, சண்டைக் காட்சியைத் தானே உருவாக்கினார். 1912இல் அவருடைய பூச்சிப் படங்கள் தியேட்டருக்கு வந்தபோது, "பூச்சிகளுக்கு இவ்வளவு நல்லா பயிற்சி குடுத்திருக்காங்களே!" என்று ஆச்சரியப்பட்டவர்கள் உண்டு என்று சொல்வார்கள்.

ரொம்ப காலமாகப் புத்தகங்களில் ரஷ்யப் பொம்மைப் பட வரலாறு இங்கேதான் தொடங்கியது. 1995இல் அந்தக் கதை மாறியது. விக்டர் பொச்சாரோவ் என்ற ஆவணப்பட இயக்குநர் சில பழைய ஃபிலிம் சுருள்களைக் கண்டெடுத்தார். ஸ்டாரெவிச்சுக்குச் சில வருஷங்கள் முன்னாடியே, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு மனிதர் வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு பொம்மைகளை ஆட வைத்திருந்தார். அவர் சினிமாக்காரர் இல்லை, பொம்மை செய்பவரும் இல்லை. பாலே நடனக் கலைஞர். பெயர் அலெக்ஸாண்டர் ஷிர்யாயெவ்.

"யார் முதல்" என்ற போட்டியில் எனக்குப் பெரிய ஆர்வம் கிடையாது. இந்தக் கதையில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு ஒரு கேள்வி. வாழ்நாள் முழுக்க மேடையில் ஆடிய ஒருத்தர், எதுக்காக ஒரு சாண் உயரப் பொம்மைகளை மணிக்கணக்கில் நகர்த்திக்கொண்டிருந்தார்?

யார் இந்த ஷிர்யாயெவ்?

1867இல் பிறந்தார். பாலேக்களுக்கு இசை எழுதிக் குவித்த செசரே புன்யி என்ற இத்தாலிய இசையமைப்பாளரின் பேரன். இம்பீரியல் தியேட்டர் பள்ளியில் படித்து, 1880களின் நடுவில் மரின்ஸ்கி தியேட்டரில் சேர்ந்தார். அன்றைய ரஷ்யாவில் பாலே என்றாலே மரின்ஸ்கிதான்.

பாலேயில் இளவரசன் வேஷம் கட்டுபவர்கள் ஒரு ரகம்: உயரம், நீண்ட கால், மிதக்கிற மாதிரி நடை. ஷிர்யாயெவ் அந்த ரகம் இல்லை. குள்ளமானவர், துறுதுறுப்பானவர். கோமாளி, நாட்டுப்புற ஆட்டக்காரன், விசித்திரமான கிழவன் போன்ற வேஷங்களே அவருக்கு வந்தன. இதற்குக் கேரக்டர் டான்ஸ் என்று பெயர். அவர் அதில் பெரிய ஆள். 1892இல் சைக்கோவ்ஸ்கியின் 'நட்கிராக்கர்' முதல்முறையாக மேடையேறியபோது, வளையத்தை வைத்துக்கொண்டு ஆடும் கோமாளி ஆட்டத்தை ஆடியவர் இவர்தான்.

அவருக்கு இன்னொரு விசேஷத் திறமையும் இருந்தது: ஞாபகசக்தி. ஒரு பாலேயில் யார் எந்த இடத்தில் நிற்பார்கள், எந்தத் தாளத்தில் எந்தக் கால் எழும்பும் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. மரின்ஸ்கியின் தலைமை நடன ஆசிரியர் மாரியஸ் பெட்டிபாவுக்கு உதவியாளராக இருந்தார். பழைய பாலே ஒன்றை மறுபடி மேடையேற்ற வேண்டுமென்றால், "ஷிர்யாயெவுக்கு ஞாபகம் இருக்கும், கூப்பிடு" என்கிற நிலைமை. இன்றைய பாஷையில் சொன்னால், அந்தத் தியேட்டரின் பேக்கப் சர்வர் அவர்தான். ஒரே ஒரு காப்பி. அதுவும் ஒரு மனுஷன் உடம்புக்குள்ள.

மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதன் ஆபத்து உடனே புரியும். ஒருத்தருக்கு மட்டும் தெரிந்த விஷயம், அவர் போனால் போச்சு. ஷிர்யாயெவுக்கும் அது புரிந்திருந்தது.

நடனத்தை எப்படிச் சேமிப்பது?

ஒரு பாட்டை எழுதி வைக்கலாம், ஸ்வரம் இருக்கிறது. ஒரு நாடகத்தையும் எழுதி வைக்கலாம், வசனம் இருக்கிறது. நடனத்தை எப்படி எழுதுவது? கை, கால், கழுத்து, இடுப்பு எல்லாம் ஒரே நேரத்தில் நகர்கின்றன. இசை நகர்கிறது. மேடையில் ஆளும் நகர்கிறார்.

மரின்ஸ்கியிலேயே இதற்கு ஒருத்தர் பதில் கண்டுபிடித்திருந்தார். விளாதிமிர் ஸ்டெபனோவ் என்ற நடனக் கலைஞர், இசைக் குறியீடு போலவே உடம்பின் அசைவுகளை எழுதும் ஒரு முறையை உருவாக்கி, 1892இல் பாரிஸில் புத்தகமாகவும் வெளியிட்டார். நான்கு வருஷத்தில் சின்ன வயசிலேயே இறந்துபோனார். ஆனால் அவருடைய முறையில் மரின்ஸ்கியின் பல பாலேக்கள் எழுதி வைக்கப்பட்டன. ரஷ்யப் புரட்சிக்குப் பிறகு நிக்கோலாய் செர்கெயெவ் என்பவர் அந்தத் தாள்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோனார். 1930களில் லண்டனில் 'ஜிசெல்', 'ஸ்வான் லேக்', 'நட்கிராக்கர்' எல்லாம் அந்தத் தாள்களை வைத்துத்தான் மேடையேறின. தாள்கள் இன்று ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

குறியீட்டில் ஒரு சிக்கல் உண்டு. கால் எந்தக் கோணத்தில், எந்தத் தாளத்தில் என்று எழுதலாம். ஒரு கோமாளி தோளைக் குலுக்கும்போது வரும் குறும்பை எப்படி எழுதுவது? கிளாசிக்கல் பாலேயில் அசைவுகளுக்கு நிலையான பெயர்கள் உண்டு. கேரக்டர் டான்ஸில் உயிரே அந்தக் குலுக்கலில்தான். ஷிர்யாயெவின் சொத்தே அதுதான்.

அவர் முதலில் கையில் எடுத்தது பென்சிலை. நல்லா படம் வரைவார். ஒரு ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு நிலையையும் வரிசையாகத் தாளில் வரைய ஆரம்பித்தார். ஒரு குதி என்றால் அதற்கு முன் முழங்கால் மடங்குவது, பாதம் தரையை விட்டு எழும்புவது, உச்சி, இறங்குவது, தரையைத் தொட்ட பிறகு உடம்பு சமன் ஆவது என்று அத்தனைக்கும் தனித்தனிப் படம். வேகமாகப் புரட்டினால் ஆடுகிற மாதிரியே இருக்கும்.

அதன் பிறகு லண்டன் போன இடத்தில் ஒரு சினிமா கேமரா வாங்கினார். 17.5 மி.மீ. ஃபிலிம் போடும் கேமரா அது. தொழில்முறை சினிமாவுக்கு 35 மி.மீ. ஃபிலிம். அதைச் சரிபாதியாக நறுக்கினால் 17.5. செலவு குறைவு, கருவியும் சின்னது. வீட்டில் வைத்துப் படம் எடுக்க ஆசைப்பட்டவர்களுக்காகவே சந்தைக்கு வந்த அளவு இது. அந்தக் காலத்து ஹேண்டிகேம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்போ கருவி கையில் இருக்கு. ஆடத் தெரிந்தவர்கள் எல்லாம் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். ஷிர்யாயெவ் தியேட்டர் நிர்வாகத்திடம் போனார். நடனக் கலைஞர்களைப் படம் பிடித்து வைக்க அனுமதி கேட்டார்.

முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

ஒரு 'முடியாது' என்ன செய்தது

அந்த மறுப்பு நமக்கு எவ்வளவு பெரிய நஷ்டம் என்று யோசித்துப் பாருங்க. பெட்டிபா காலத்து மரின்ஸ்கி பாலே, அதை உருவாக்கிய தலைமுறையே ஆட, ஃபிலிமில் பதிவாகியிருக்கலாம். நம்ம ஊரில் இதுக்கு இணையா ஒன்று சொல்லலாம். பாலசரஸ்வதியின் நடனத்தை சத்யஜித் ராய் 'பாலா' என்ற ஆவணப்படமாக எடுத்தது 1976இல். பாலாவுக்கு அப்போ 58 வயசு. கிடைத்ததே பாக்கியம் என்று நாம் அதைப் பார்க்கிறோம். ஆனால் அவர் இளம் வயதில் ஆடியதில் பெரும்பகுதி பார்த்தவர்களின் ஞாபகத்தோடு போய்விட்டது.

மறுப்புக்குப் பிறகு ஷிர்யாயெவ் என்ன பண்ணினார்? வீட்டுக்குப் போனார். தன் மனைவியும் நடனக் கலைஞருமான நடாலியா மட்வெயேவா ஆடுவதைப் படம் பிடித்தார். தானே கேமரா முன் ஆடினார். குடும்பத்தாரை வைத்துச் சின்னச் சின்ன வேடிக்கைப் படங்கள் எடுத்தார். அதோடு நிற்கவில்லை. மனிதர்களைப் படம் பிடிக்கத்தானே அனுமதி வேண்டும்? பொம்மைக்கு யாரிடம் கேட்க வேண்டும்?

மென்மையான கம்பியில் எலும்புக்கூடு, அதன் மேல் காகிதக் கூழில் உடம்பு, துணியில் உடை என்று பொம்மைகள் செய்தார். உயரம் 20 முதல் 25 செ.மீ. வரை. வீட்டுக்குள்ளேயே ஒரு குட்டி மேடை, அதற்கு வரைந்த பின்னணித் திரை, விளக்கு. ஏறத்தாழ 1906இல் இருந்து 1909 வரை, தான் தலைக்குள் சுமந்துகொண்டிருந்த ஆட்டங்களை அந்தப் பொம்மைகளின் உடம்பில் ஏற்றினார். ஹார்லெக்வின், கொலம்பைன், பியரோ போன்ற இத்தாலியக் கோமாளி நாடகப் பாத்திரங்கள் வரும் ஒரு முழுக் கதையே அந்தப் பொம்மைகளை வைத்து எடுத்திருக்கிறார். சுவருக்குச் சாயம் அடிக்க வந்து சண்டை போட்டுக்கொள்ளும் பியரோக்களை வைத்து ஒரு படம். பந்து விளையாடும் பொம்மைகள் ஒரு படம். பொம்மை மட்டுமில்லாமல், நீளமான காகித நாடாவில் ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் வரைந்த படங்களும் உண்டு.

இதே காலத்தில் உலகத்தில் வேறு எங்கே என்ன நடந்தது என்று பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சுவாரஸ்யமா இருக்கும். அமெரிக்காவில் ஸ்டூவர்ட் பிளாக்டன் கரும்பலகையில் சாக்பீஸ் முகங்களை அசைய வைத்தது 1906. பிரான்ஸில் எமில் கோல் 'ஃபான்டாஸ்மகோரி'யை வெளியிட்டது 1908. அவர்கள் இரண்டு பேருக்கும் பின்னால் ஒரு கம்பெனி இருந்தது, தியேட்டர் இருந்தது, டிக்கெட் வாங்கிய கூட்டம் இருந்தது. ஷிர்யாயெவுக்குப் பார்வையாளர்கள் என்று இருந்தவர்கள் வீட்டாரும் நண்பர்களும்தான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால்

அன்றைய மௌனப் படங்கள் ஒரு விநாடிக்குச் சுமார் 16 ஃபிரேம் என்ற வேகத்தில் ஓடின. ஒரு நிமிஷத்துக்கு 960 ஃபிரேம். ஒவ்வொரு நிலையையும் இரண்டு ஃபிரேமுக்கு எடுத்தால்கூட, நிமிஷத்துக்கு 480 தடவை பொம்மையிடம் போக வேண்டும். மேடையில் நாலு பொம்மை ஆடினால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கை, இரண்டு கால், தலை, இடுப்பு. ஒரு நிமிஷ ஆட்டத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேலான சின்னச் சின்ன அசைவுகள் கணக்கில் வருகின்றன. ஒரு ஃபிரேம் எடு, நடந்து போ, நகர்த்து, திரும்பி வா, மறுபடி எடு. கேமராவுக்கும் மேடைக்கும் நடுவில் ஷிர்யாயெவ் நடந்து நடந்து மரத் தரையே தேய்ந்துபோச்சு என்று ஒரு கதை சொல்கிறார்கள். கணக்கைப் பார்த்தால் நம்பும்படியாகத்தான் இருக்கு.

உழைப்பைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று இருக்கு. அது என்ன என்று புரிந்துகொள்ள, ஒரு விடுமுறை நாளில் நானும் என் மகளும் சின்னச் சோதனை செய்து பார்த்தோம். களிமண்ணில் ஒரு பொம்மை, ஸ்டாண்டில் மொபைல். பொம்மை ஒரு தடவை குதிக்க வேண்டும், அவ்வளவுதான். விநாடிக்கு 12 படம், நாலு விநாடிக்கு 48 படம். இன்றைய செயலிகளில் முந்தைய ஃபிரேம் மங்கலாகத் திரையில் தெரியும். அதன் மேல் வைத்து அடுத்ததைச் சரிபார்க்கலாம். எடுத்ததை அந்த நொடியே ஓட்டியும் பார்க்கலாம். இவ்வளவு வசதி இருந்தும், ஐந்தாவது படத்திலேயே மகள் கேட்டாள்: "அப்பா, குதிக்கிறதுக்கு முன்னாடி கை பின்னாடி போகுமா, முன்னாடி போகுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. எழுந்து நின்று நானே குதித்துப் பார்த்தேன். கை பின்னாடி போகுது. எப்போ முன்னாடி வருது? கால் தரையை விட்டு எழும்பும் முன்னாடியா, எழும்பிய பிறகா? நாற்பது வருஷமாக இந்த உடம்பில் குடியிருக்கிறேன், ஆனால் அது எப்படிக் குதிக்கிறது என்று எனக்குத் தெரியாது. உடம்புக்குத் தெரியும். எனக்குத் தெரியாது.

ஷிர்யாயெவிடம் மங்கலான முந்தைய ஃபிரேம் கிடையாது. எடுத்ததை ஓட்டிப் பார்க்க, ஃபிலிமைக் கழுவிக் காய வைக்கும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். இருந்தாலும் அவருடைய பொம்மைகள் குதிக்கும்போது எடை தெரிகிறது. கீழே இறங்கும்போது முழங்கால் வாங்கிக்கொள்கிறது. சுழலும்போது தலை கடைசியாகத் திரும்புகிறது. நாலைந்து பொம்மைகள் ஒரே சமயத்தில் வேறு வேறு காரியம் செய்துகொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித் தாளம் இருக்கும். ஒரு விநாடியின் பதினாறில் ஒரு பங்கில் ஒவ்வொரு கையும் காலும் எங்கே இருக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது.

பதிவா, புரிதலா?

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கு. கேமராவை வைத்து ஆட்டத்தைப் படம் பிடித்தால், படம் பிடிப்பவருக்கு ஆட்டம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கைப்பிடியைச் சுற்றினால் போதும், வெளிச்சம் தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டெபனோவின் குறியீட்டில் எழுதுபவருக்கு ஆட்டம் தெரிய வேண்டும், ஆனால் எழுதியது ஆடாது. மறுபடி ஒரு ஆள் வந்து படித்து, தன் உடம்பில் போட்டுப் பார்த்தால்தான் உண்டு.

கம்ப்யூட்டரில் இசையோடு பழகியவர்களுக்கு ஒரு உதாரணம். கச்சேரியை ரெக்கார்ட் செய்த எம்பி3 ஃபைல் என்பது கேமரா எடுத்த படம் மாதிரி. ஸ்வரம் எழுதிய தாள் என்பது ஸ்டெபனோவின் குறியீடு. ஷிர்யாயெவ் செய்தது இரண்டும் இல்லை. பாட்டு முழுவதையும் தலைக்குள் வைத்திருக்கும் ஒருவர், ஒவ்வொரு ஸ்வரத்தையும் கமகத்தோடு, நேரத்தோடு, அழுத்தத்தோடு, கையால் ஒவ்வொன்றாக மிடி ஃபைலில் தட்டி ஏற்றுகிற மாதிரி. ஓட்டினால் பாட்டு வரும். ஆனால் அதில் பதிவாகியிருப்பது யாரோ ஒரு நாள் பாடிய பாட்டு இல்லை. அந்தப் பாட்டைப் பற்றி அந்த ஆளுக்குத் தெரிந்த அத்தனையும்.

அனுமதி கிடைத்திருந்தால் ஒருவேளை நமக்கு மரின்ஸ்கி கலைஞர்கள் ஆடிய சில நிமிஷங்கள் கிடைத்திருக்கும். அந்த நஷ்டத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் பொம்மையைத் தேடிப் போக அவருக்குக் காரணம் இருந்திருக்காது. நடனக் கலைஞர் ஒருவர் அசைவை உள்ளுக்குள் எப்படிப் பார்க்கிறார், எதை முக்கியம் என்று நினைக்கிறார், எதை விட்டுவிடுகிறார் என்பதெல்லாம் இந்தப் பொம்மைப் படங்களில் இருக்கு. எந்தக் கேமராவாலும் அதை நேரடியாக எடுத்திருக்க முடியாது.

ஒரு நிர்வாகத்தின் தடையை நான் நியாயப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். தடையால்தான் கலை வளரும் என்கிற மாதிரி வசனங்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. தடையால் அழிந்தவை கணக்கில் வருவதே இல்லை, தப்பித்த ஒன்றைத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஷிர்யாயெவிடம் அந்த ஞாபகசக்தியும், வரையும் கையும், கேமரா வாங்கும் வசதியும், பொறுமையும் எல்லாமே ஒன்றாகச் சேர்ந்திருந்ததால் இது நடந்தது. இந்த நாலில் ஒன்று குறைந்திருந்தாலும் அந்த 'முடியாது' அதோடு முடிந்திருக்கும்.

சுருள்கள் எங்கே போயின?

1905இல் ஷிர்யாயெவ் மரின்ஸ்கியை விட்டு விலகினார். வெளிநாடுகளில் ஆடினார், கற்றுக்கொடுத்தார். புரட்சிக்குப் பிறகு பெட்ரோகிராட் திரும்பி, மறுபடி நடனப் பள்ளியில் ஆசிரியரானார். கேரக்டர் டான்ஸுக்கு என்று ஒழுங்கான பயிற்சி முறையை உருவாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். 1939இல் ஆந்த்ரேய் லொபுகோவ் உள்ளிட்டவர்களோடு சேர்ந்து அதற்குப் பாடப்புத்தகமும் எழுதினார். தலைக்குள் இருப்பதை எப்படியாவது வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்ற அந்த அவசரம் கடைசி வரைக்கும் அவரை விடவில்லை.

1941 ஏப்ரலில் லெனின்கிராடில் இறந்தார். இரண்டு மாதத்தில் ஜெர்மனி சோவியத் மீது படையெடுத்தது. செப்டம்பரில் லெனின்கிராட் முற்றுகை தொடங்கியது. அந்தக் குளிர்காலத்தில் ஜனங்கள் நாற்காலி, மேசை, புத்தகம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டு எரித்துத்தான் உயிர் பிழைத்தார்கள். அந்தக் காலத்து சினிமா ஃபிலிமோ நைட்ரேட்டில் செய்தது, ஒரு பொறி பட்டால் போதும். அப்படிப்பட்ட ஒரு நூற்றாண்டைத் தாண்டித்தான் இந்தச் சுருள்கள் வந்திருக்கின்றன.

பின்னாளில் அவை நடனப் புகைப்படக்காரர் ஒருவரிடம் பத்திரமாக இருந்தன. 1995இல் பொச்சாரோவ் அவற்றைப் பார்த்தார். 2003இல் 'தாமதமான முதல் காட்சி' என்று பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படம் எடுத்து உலகத்துக்குக் காட்டினார். சுருங்கி, உடையும் நிலையில் இருந்த 17.5 மி.மீ. ஃபிலிம்களைச் சரிசெய்யும் வேலையில் இங்கிலாந்தின் ஆர்ட்மன் ஸ்டுடியோ கைகொடுத்தது. 'வாலஸ் அண்ட் க்ரோமிட்' எடுத்த அதே ஆர்ட்மன்தான். களிமண் பொம்மைகளை நகர்த்தியே பிழைப்பு நடத்துபவர்கள், நூறு வருஷத்துக்கு முன்னாடி வீட்டுக்குள் தனியாக அதே வேலையைச் செய்த ஒருவரின் ஃபிரேம்களைக் காப்பாற்ற வந்தார்கள். 2008இல் இத்தாலியின் போர்டெனோனே நகரத்தில் நடக்கும் மௌனப் பட விழாவில் அவை திரையிடப்பட்டன. படம் எடுத்து நூறு வருஷம், எடுத்தவர் இறந்து 67 வருஷம்.

சேமிப்பதற்கு எத்தனை வழி

ஷிர்யாயெவின் கதையைப் படிக்கும்போது, ஒரு கலை காலத்தைத் தாண்ட எத்தனை வழிகளில் முயற்சி செய்திருக்கிறது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றியது. ஒரே தியேட்டர், ஒரே தலைமுறை, மூன்று பாதைகள்.

ஸ்டெபனோவின் தாள் ஒரு பாதை. அது பல தசாப்தங்கள் பெட்டிக்குள் கிடந்து, நம் காலத்தில் மறுபடி எழுந்திருக்கிறது. பெட்டிபாவின் 'ஸ்லீப்பிங் பியூட்டி'யை 2015இலும் 'ஹார்லெக்வினாட்'டை 2018இலும் அலெக்ஸேய் ரட்மன்ஸ்கி அமெரிக்கன் பாலே தியேட்டருக்காக மறுபடி உருவாக்கியது ஹார்வர்டில் இருக்கும் அந்தத் தாள்களைப் படித்துத்தான்.

ஷிர்யாயெவின் பொம்மை இன்னொரு பாதை.

மூன்றாவது பாதைக்குக் கருவியே தேவைப்படவில்லை. 1892இல் ஷிர்யாயெவ் ஆடிய வளைய ஆட்டம் நினைவிருக்கா? அது அவரோடு நின்றுவிடவில்லை. அடுத்த தலைமுறைக் கலைஞர்கள் மரின்ஸ்கி மேடையில் அதைத் தொடர்ந்து ஆடினார்கள். அவர்களில் ஜார்ஜ் பாலன்சின் என்ற இளைஞரும் ஒருவர். பாலன்சின் பிறகு அமெரிக்கா போனார். 1954இல் நியூயார்க்கில் தன் 'நட்கிராக்கர்' மேடையேறியபோது, தான் சின்ன வயசில் ஆடிய அந்த வளைய ஆட்டத்தை அதில் சேர்த்தார். இன்றைக்கும் ஒவ்வொரு டிசம்பரிலும் நியூயார்க்கில் அது நடக்கிறது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட உடையில் ஒருவர் வளையத்துக்குள் தாவித் தாவிப் போவார், பார்க்கும் குழந்தைகள் கை தட்டுவார்கள்.

குருவிடமிருந்து சீடனுக்கு, உடம்பிலிருந்து உடம்புக்கு என்று போகும் இந்தப் பாதைதான் நமக்கு ரொம்பப் பழக்கமானது. நம் நட்டுவனார்கள் கைவசம் இருந்ததும் இதுதான். நெகிழ்வானது, உயிருள்ளது. ஆனால் நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போச்சு. போகிற வழியில் ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கொண்டும் இருக்கும்.

இந்த மூன்றில் எது சிறந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. முக்கியமான தரவு என்றால் ஒரே வகையான பேக்கப்பை நம்பாதே என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். மரின்ஸ்கி பாலே தப்பித்ததற்குக் காரணமும் ஏறக்குறைய அதுதான். யாரும் திட்டம் போடவில்லை. ஒருத்தர் எழுதினார், ஒருத்தர் கற்றுக்கொடுத்தார், ஒருத்தர் பொம்மை செய்தார்.

அந்தப் பொம்மைப் படங்கள் இணையத்தில் தேடினால் துண்டு துண்டாகக் கிடைக்கும். பார்ப்பதாக இருந்தால் ஒரே ஒரு விஷயத்தைக் கவனியுங்க. ஒரு பொம்மை ஆடும்போது, ஆடாமல் ஓரமாக நிற்கும் மற்றப் பொம்மைகளைப் பாருங்க. அதுகளும் சும்மா இருக்காது. ஒன்று தலையைச் சாய்க்கும், ஒன்று பக்கத்துப் பொம்மையைத் திரும்பிப் பார்க்கும். எத்தனையோ வருஷம் மேடை ஓரத்தில் தன் முறை வரும்வரை நின்ற ஒருத்தருக்குத்தான் அது தெரியும்.